நம்பர் கேட்காத ராத்தா

யாராவது தங்கள் கார்டின் இரகசிய நம்பரைச் சொல்ல வாயெடுத்தால் போதும், ராத்தா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சத்தமாக நபி மீது ஸலவாத்து ஓதத் தொடங்கிவிடுவார். எதிரே இருப்பவர் வாயை மூடும்வரை ஓதுவார். கல்முனை பிரதான வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் மூலையில் அவருக்கு ஒரு மேசை இருந்தது. கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், இங்கே என்ன மௌலிது நடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றிய எதையும் ஊருக்குக் கொடுத்து வைக்காத மனுசி அவர். இப்போது மகளோடு புத்தளம் பக்கம் குடியிருக்கிறார். பெயரை நான் எழுதிவிட்டதாகக் கேள்விப்பட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து சண்டை பிடிப்பார். ஊர் அவரைக் கார்ட் ராத்தா என்றது; எங்களுக்கு அக்கா ராத்தா, அண்ணன் காக்கா. என்னைவிட நான்கு வயது இளையவர்தான். ஆனால் கிழவர்கள்கூட ராத்தா என்று கூப்பிடும்போது நான் மட்டும் தங்கச்சி என்றால் நன்றாகவா இருக்கும்?

அடையாள அட்டை, பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ் என்று எல்லா விண்ணப்பமும் நிரப்பித் தருவார். ஆனால் அவர் பேர்போனது பிரீபெய்ட் கார்டில்தான். வங்கியில் கணக்கு இருக்கிறதோ இல்லையோ, நம் காசை முதலிலேயே அதற்குள் போட்டு வைத்துவிட்டு, போட்ட அளவுக்கு மட்டும் செலவழிக்கிற கார்ட். பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டுச் சாமான், உம்ராப் பயணம் என்று ஊரில் அதற்கான தேவை கூடிக்கொண்டு போன காலம் அது.

அவரிடம் போய் ஒரு கார்ட் வேண்டும் என்றால் முதற்கேள்வி, "எதுக்கு?" என்பதுதான். பாதிப் பேர் அந்த இடத்திலேயே திணறிப்போவார்கள். சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் ஒருநாள் வந்து உட்கார்ந்து, தன் மச்சானிடம் ஒன்று இருப்பதாகவும் தனக்கும் அதே நிறத்தில் வேண்டும் என்றும் சொன்னார். ராத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்குக் கார்ட் வேணா காக்கா. மச்சானுக்குக் காட்டுறதுக்கு ஒரு சாமான்தான் வேணும். அதுக்கு ஒரு நல்ல மணிக்கூடு வாங்குங்க."

ஆலைக்காரர் எழுந்து போய்விட்டார். கடை முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு விண்ணப்பத்துக்கு ஆறு பக்கமாவது கொப்பி அடிக்க வேண்டும், அந்த வருமானம் வாசலால் நடந்து போவதைப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்?

உண்மையான தேவையோடு வந்தவர்களை ராத்தா விடவும் மாட்டார். ஒலுவில் துறைமுகத்தில் படகு வைத்திருக்கும் ஒருவருக்கு எஞ்சினுக்கு ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. ராத்தா மூன்று வங்கிகளின் துண்டுப்பிரசுரங்களை அவர் முன்னே பரப்பினார். படகுக்காரர் மேலே கொட்டை எழுத்தில் இருந்ததை வாசிக்கத் தொடங்கினார்.

"அத விடுங்க காக்கா. பெரிய எழுத்தெல்லாம் அவங்க சொல்ல விரும்புறது. நமக்கு வேண்டியது அடியில சின்ன எழுத்துல இரிக்கி."

சின்ன எழுத்தை விரல் வைத்து வாசித்துக் காட்டினார். ஒரு கார்டை எடுக்க ஒன்றும் இல்லை, ஆனால் காசு போடும் ஒவ்வொரு முறையும் வெட்டுவார்கள். இரண்டாவதுக்கு வருடக் கட்டணம், போடுவதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது எல்லாவற்றிலும் மலிவு போலத் தெரிந்தது, ஆனால் பாவிக்காமல் வைத்திருந்தால் மாதக் கட்டணம். "இது சும்மா கிடந்தாலும் மாசாமாசம் உங்கட சல்லியத் திங்கும்" என்றார். வெளிநாட்டுக் காசாக மாற்றும்போது யார் எவ்வளவு கூட எடுக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு, ஒரே ஒரு சாமான் வாங்குகிறவருக்கு முதலாவதே போதும் என்று முடிவானது.

கார்ட் வந்ததும் படகுக்காரர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நீங்களே மெசின்ல போய்ப் பாத்துச் சொல்லுங்களன் ராத்தா. நமக்குள்ள என்ன ரகசியம்? நம்பர் வந்து நாலு, ஒம்பது..."

ஸலவாத்து தொடங்கிவிட்டது. அவர் நிறுத்தியதும் ராத்தாவும் காதிலிருந்து கையை எடுத்தார்.

"ரெண்டு நம்பர் காதுல உழுந்திட்டு காக்கா. போய் மாத்திட்டு வாங்க."

"ரெண்டுதானே கேட்ட. மிச்சம் ரெண்டும் தெரியாதே உங்களுக்கு."

"தெரியா. ஆனா நான் ராவைக்குத் தூங்கணும்."

படகுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போய் மாற்றிவிட்டு வந்தார்.

கார்ட் என்றாலே வட்டி என்று பயந்து தூர நின்றவர்களும் எங்கள் ஊர்களில் நிறைய. அவர்களுக்கும் ராத்தாவிடம் நேரான பதில் இருந்தது. "கடன் தாற கார்ட் வேற. இது உங்கட சல்லி. நீங்க போடுறீங்க, நீங்க எடுக்கிறீங்க. முடிஞ்சா இது வெறும் பிளாஸ்டிக். ஹலால் ஹராம மௌலவிட்டக் கேளுங்க, கட்டணத்த மட்டும் என்னட்டக் கேளுங்க." எவ்வளவு போடலாம் என்று கேட்டால், "சந்தைக்குப் போகக்குள்ள வீட்டுல உள்ள சல்லி முழுக்க மடியில கட்டிட்டா போறீங்க? வாங்கப்போற சாமானுக்கு மட்டும் போடுங்க" என்பார்.

எல்லா நேரமும் அவரை நான் மெச்சிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருநாள் ஏ.டி.எம். வரிசையில் நின்றபோது ராத்தா ஒரு பெரியவரை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வந்து இறக்கினார். மருதமுனைக்காரர், பாரிசவாதம் வந்து வலது கை விழுந்தவர். அவருடைய மகன் அனுப்பும் காசு கார்டில் வந்து கிடந்தது. நம்பரைச் சொல்கிறேன், எடுத்துத் தா என்று அவர் எவ்வளவோ கெஞ்சியும் ராத்தா மசியவில்லை. அவருடைய இடது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தன் கண் இரண்டையும் இறுக்க மூடிக்கொண்டு நின்றார். பெரியவர் நடுங்கும் விரலால் அமத்தினார். மூன்று முறையும் பிழையாகிப் போனது. மெசின் கார்டை விழுங்கிவிட்டது.

"நீயும் ஒரு மனிசியா? எடுத்துத் தந்தா உன்ட கை தேஞ்சா போகும்?" என்று பெரியவர் வீதி கேட்கக் கத்தினார். வரிசையில் நின்ற எல்லோரும் அவர் பக்கம்தான். நானும்தான்.

அந்தக் கார்டைத் திரும்ப எடுக்க ராத்தா தன் வேலையை விட்டுவிட்டு இரண்டு நாள் அவரோடு வங்கிக்கு அலைந்தார். பிறகு அவரைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு, ஒரு பழைய கல்குலேட்டரைக் கொடுத்து, இடது கையால் அமத்திப் பழக வைத்தார். பெரியவரும் முறைத்துக்கொண்டே பழகினார். இவ்வளவு பிடிவாதம் தேவையா என்று நான் நேரடியாகவே கேட்டேன்.

"இண்டைக்கு நான் எடுத்துக் குடுப்பன் டீச்சர். நாளைக்கு நான் இல்லாட்டி அவர்ட மருமகன் எடுத்துக் குடுப்பான். நான் நல்லவ, அவனும் நல்லவன். அதுக்குப் பொறகு வாறவன்?"

எனக்கு அந்தப் பதில் அப்போது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆட்களை நம்பத் தெரியாதவர் என்றுதான் நினைத்தேன். ஊரிலும் சிலர் அப்படித்தான் பேசினார்கள். குடும்பங்களுக்குள் சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறா என்று என் மதினி, அதாவது என் கணவரின் தங்கை, ஒரு கலியாண வீட்டில் வைத்துச் சொன்னா.

அடுத்த மாதமே எங்கள் பாடசாலையில் ஆசிரியைகளுக்கு ஒரு சிறு வகுப்பு எடுக்க ராத்தாவைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர் சலாம் சொன்னார், சோக்கை எடுத்தார், கரும்பலகையில் வரிசையாக எழுதினார்: 0786, 7860, 1234, மூத்த பிள்ளை பிறந்த வருடம். எழுதிவிட்டுக் கையைத் தட்டினார்.

"உங்கட நம்பர் இதுல இல்லாதவங்க எழும்பிப் போகலாம்."

விஞ்ஞான டீச்சர் மட்டும் எழும்பினார், அவரும் முகம் கழுவத்தான் எழும்பியதாகப் பிறகு சொன்னார். பிஸ்மில்லாஹ்வைக் குறிக்கும் எண் என்று எங்கள் பெரியவர்கள் 786ஐக் கடைப் பலகையிலும் கலியாண அழைப்பிதழிலும் போட்டுப் பழக்கியவர்கள். நான்கு இலக்கம் போடு என்று மெசின் கேட்டால் எங்கள் கை வேறெங்கே போகும்? முன்னுக்கு ஒரு பூச்சியம், அல்லது பின்னுக்கு ஒரு பூச்சியம். ஊரில் முக்கால்வாசிப் பேரின் பெட்டிக்கு ஒரே திறப்பு.

இஸ்லாம் டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "பரக்கத்துக்காகப் போட்டத இப்பிடிப் பகிடி பண்ணலாமா?"

"பகிடி இல்ல டீச்சர். பரக்கத்து அல்லாஹ்ட கிட்ட இரிக்கி. இந்த நம்பரால பரக்கத்து வாறது கார்டக் களவெடுக்கிறவனுக்குத்தான்."

இஸ்லாம் டீச்சரே முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் சம்பளக் கார்டின் நம்பர் 0786 என்பது எனக்குத் தெரியும். அதைப் போட்டது நானில்லை என்பதுதான் அந்த நேரம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

என் சம்பளக் கார்ட் என் கணவரின் பர்ஸில் இருந்தது. அது தபாலில் வந்த அன்று உறையைக் கிழித்து அவர் கையில் கொடுத்ததுதான் நான் அதைக் கடைசியாகத் தொட்டது. எங்கள் பாடசாலையில் பல ஆசிரியைகளின் கார்ட் அப்படித்தான், யாரும் அதை ஒரு குறையாகச் சொல்லிக்கொள்வதில்லை. அவர் கெட்டவர் இல்லை. உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார், என் சம்பளத்தில் ஒரு சதமும் வீணாக்கியதில்லை. கேட்டால் தருவார். கேட்க வேண்டும், அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் தராத ஒன்று இருந்தது. நான் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறவள். எவ்வளவு படிப்பித்தாலும் எழுத்துக் கூட்ட வராத பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் இருப்பார்கள். மொக்குப் பிள்ளைகள் என்று அவர்களைப் பின் வாங்கில் உட்கார வைப்பதுதான் வழக்கம். நானும் வைத்திருக்கிறேன், அந்த வெட்கம் எனக்கு இன்றும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்று வீட்டிலிருந்தே படிக்கும்படி ஒரு பாடநெறி நடத்தியது. மூன்று வருடமாகக் கேட்டேன். "அடுத்த வருஷம் பாப்பம்" என்பதுதான் அவருடைய பதில். வயதெல்லை நாற்பத்தைந்து. எனக்கு நாற்பத்துநான்கு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இந்த முறை விட்டால் விட்டதுதான்.

மாலை வகுப்பு நடத்திச் சேர்த்த காசு என் கையில் இருந்தது. கட்டணத்துக்குக் காணும். ஆனால் அதைக் கார்டால்தான் கட்ட வேண்டும். ஒருநாள் பாடசாலை விட்டு நேரே ராத்தாவின் மேசைக்குப் போனேன்.

"எதுக்கு?" என்றார்.

சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ராத்தா துண்டுப்பிரசுரங்களை எடுத்தார். மூன்று தவணையாகக் கட்ட வேண்டியிருந்ததால் வருடக் கட்டணம் உள்ள கார்டே லாபம் என்று சின்ன எழுத்தைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். ராத்தா தலையை ஆட்டினார். விண்ணப்பத்தில் தொலைபேசி இலக்கம் கேட்ட இடத்தில் கைப்பழக்கத்தில் கணவரின் இலக்கத்தை எழுதினேன். ராத்தா அதன்மேல் விரலை வைத்தார்.

"இது ஆருட போன்?"

"இவர்ட."

"ஒவ்வொரு முறை சல்லி கட்டக்குள்ளயும் ஒரு எண் மெசேஜ்ல வரும் டீச்சர். அதப் போட்டாத்தான் கட்டுப்படும். அது இவர்ட போனுக்குத்தான் போகும். கார்ட் உங்கட பேர்ல, சல்லி உங்கட, திறப்பு இவர்ட. பரவாயில்லையா?"

எழுதாதே என்று அவர் சொல்லவில்லை. பரவாயில்லையா என்றுதான் கேட்டார். நான் அந்த இலக்கத்தை வெட்டப் போனேன். "வெட்டி எழுதினா பேங்க்ல எடுக்க மாட்டாங்க" என்று புதிய விண்ணப்பம் ஒன்றைத் தந்தார். அதில் என் இலக்கத்தை எழுதினேன்.

இரகசிய நம்பர் என்ன போடுவது என்று பொதுவாகக் கேட்டபோது, என் வாயிலிருந்து ஏதாவது வந்துவிடுமோ என்று ஒரு கையைக் காதருகே தயாராக வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்கட வாழ்க்கையில ஆருக்கும் சொல்லாத ஒரு நாள் இரிக்கும். அதப் போடுங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். என் கலியாண நாள், பிள்ளைகள் பிறந்த நாள், வாப்பா மவுத்தான நாள், எல்லாமே எல்லோருக்கும் தெரிந்த நாட்கள். எனக்கென்று ஒரு நாள்கூட இல்லாமல் நாற்பத்துநான்கு வருடம் இருந்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கடைசியில் மகளின் பிறந்த நாளைத்தான் போட்டேன்.

கார்ட் வந்தது. என் பெயர் பொன் எழுத்தில் மின்னியது. திருமதி இன்னார் என்று இல்லை, என் பெயர் மட்டும். ராத்தா சொன்னபடி முதலில் இரண்டாயிரம் ரூபா மட்டும் போட்டேன், ஒரு புத்தகம் வாங்கிச் சோதித்துப் பார்க்க. அதுவரை எல்லாம் சரி. பிறகுதான் என் புத்தி புல் மேயப் போனது. சகோதரிகளும் மதினிமாரும் மச்சிமாரும் அவர்களின் பிள்ளைகளும் இருக்கிற எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கார்டைப் படம் பிடித்துப் போட்டேன். முன்பக்கம் பெயருக்காக, பின்பக்கம் என் கையெழுத்துக்காக. எங்கள் குடும்பத்தில் புதுத் தையல் மெசின் வாங்கினாலும் புதுப் பல் கட்டினாலும் அப்படித்தான், குழுவில் போட்டு மாஷா அல்லாஹ் வாங்காமல் ஒரு நல்ல காரியமும் முழுமையாகாது. நாற்பது மாஷா அல்லாஹ் வந்தது. யார் யாருக்கு அனுப்பினார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாட நேரத்தில் என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. நான் கேள்விப்பட்டே இராத, கார்டில் உள்ள இலக்கங்களே போதும் என்று மெசேஜ் எண் கேட்காத ஏதோ ஒரு வெளிநாட்டு விளையாட்டுக்காக ஆயிரத்து நானூற்றைம்பது ரூபா போயிருந்தது.

அரை நாள் விடுமுறை போட்டுவிட்டு ராத்தாவிடம் ஓடினேன். நான் பேசி முடிக்கும் முன்னே, "கார்டுக்குப் பின்னால உள்ள இலக்கத்துக்குப் போன் எடுங்க" என்றார்.

"நீங்க எடுத்துக் கதைங்களன் ராத்தா, எனக்குக் கை நடுங்குது."

"கார்ட் உங்கட. நடுங்கினாலும் நீங்கதான் கதைக்கணும்."

நானே கதைத்தேன். கார்டை முடக்கினார்கள். அந்த ஆயிரத்து நானூற்றைம்பதுக்கு முறைப்பாடு எழுத வைத்தார்கள். ராத்தா என்னைத் திட்டவில்லை, அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. "முழுக் கட்டணத்தையும் போட்டிரிந்தா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டுத் தண்ணீர் போத்தலை என் பக்கம் நகர்த்தினார்.

பெயர் போட்ட கார்ட் மறுபடி வர இரண்டு கிழமை ஆகும். கட்டணத்துக்குக் கடைசி நாள் வியாழன், மலேசியாவில் பின்னேரம் ஐந்து மணி, எங்களுக்கு இரண்டரை. "உங்கட கார்டால கட்டுங்க ராத்தா, சல்லிய இப்பவே தாறன்" என்று கேட்டேன். முடியாது என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெயர் போடாத கார்ட் ஒன்றை வங்கியில் கையோடு தருவார்கள், அடையாள அட்டையோடு நாளைக்குப் போங்கள் என்றார். புதன்கிழமை போய் எடுத்தேன். பொன் எழுத்தும் இல்லை, பெயரும் இல்லை. ஏ.டி.எம்.மில் நம்பர் மாற்றும்போது இந்த முறை யோசிக்கவே தேவைப்படவில்லை. எனக்கு ஒரு நாள் கிடைத்திருந்தது. எது என்று உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

இதற்கிடையில் குழுவில் இருந்த மதினி, படத்தைத் தன் காக்காவுக்கு, அதாவது என் கணவருக்கு, காட்டிவிட்டா. வீட்டில் இவர் இரண்டு நாளாக ஒன்றுமே கேட்கவில்லை. சோறு தின்றார், போனைப் பார்த்தார், படுத்தார். கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வியாழன் பகல் வங்கியில் காசைப் போட்டுவிட்டு, ராத்தாவின் மேசையில் உட்கார்ந்து பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தேன். மணி இரண்டு ஆகியிருக்கும். இவர் உள்ளே வந்தார்.

"தங்கச்சி, நீங்கதான் இவவுக்குக் கார்ட் எடுத்துக் குடுத்ததாமே?"

"போர்ம் நிரப்பக்குள்ள பக்கத்துல இரிந்தன் காக்கா. எடுத்தது டீச்சர்."

"அப்ப நம்பர் உங்களுக்குத் தெரிஞ்சிரிக்குமே."

"வல்லாஹி தெரியா."

இவர் நம்பாமல் பார்த்தார். கொப்பி அடித்துக்கொண்டிருந்த முதலாளி திரும்பாமலே, "அவவுக்கு இந்த ஊருல ஆருட நம்பரும் தெரியா காக்கா, அதான் எங்களுக்குப் பெரிய தலையிடி" என்றார்.

இவர் என் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. தேத்தண்ணி கேட்கிற அதே குரலில், கையை நீட்டிக்கொண்டு, "நம்பர் என்ன?" என்றார்.

பத்தொன்பது வருடம் அந்தக் கையில் சம்பளத்தை வைத்தவள் நான். நம்பரைச் சொல்லிவிட்டால் அந்தக் கார்டும் மாலைக்குள் அந்தப் பர்ஸுக்குள் போய்விடும், முதல் தவணையோடு என் படிப்பும் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பதுதான் தெரியாது. உதவிக்கு ராத்தாவைப் பார்த்தேன். அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு கண்சாடைகூட இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியும். அது காணும்."

நீட்டிய கை அப்படியே இருந்தது. பிறகு அந்தக் கையால் பர்ஸை எடுத்தார். "எவ்வளவு குறையுது?" என்றார்.

"ஒண்டும் குறையல்ல."

பர்ஸைத் திறந்தவர் மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார். "பின்னேரத்துக்கு வெள்ளனோட வந்திரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை, நான்காம் நாள் பெரிய பாரை மீன் ஒன்றோடு வந்து கதைத்தார். அது எங்கள் வீட்டு விசயம்.

நான் திரும்பிப் பார்த்தபோது ராத்தா அழுதுகொண்டிருந்தார். அவர் அழுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அரபு நாட்டில் வீட்டு வேலைக்கு இருந்துவிட்டு வந்தவர் என்று ஊருக்குத் தெரியும், அதற்குமேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை. அன்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு மொத கார்ட் அங்கதான் தந்த டீச்சர். என்ட பேர் அரபுல எழுதியிரிந்த. சம்பளம் அதுக்குள்ளதான் வரும். நம்பர் போட்டது வீட்டுக்கார மேடம். கார்டும் அவட அலுமாரிக்குள்ள. ஆறு வருஷம். நல்ல மனிசிதான், கேட்டா தருவா. வரக்குள்ள கார்டக் கையில தந்தா, அதுக்குள்ள ஒண்டும் இருக்கல்ல." மூக்கை உறிஞ்சினார். "அந்த நம்பர் எனக்கு இண்டைக்கும் தெரியா."

அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் என் கையை எடுத்து விசைப்பலகையின் மேல் வைத்தார்.

"ரெண்டு இருவது. கட்டுங்க டீச்சர்."

கட்டினேன்.